ஆள் ஏறிய நாள்

சௌபாக்கியா கப்பலின் ஆயிரம் நாள் உலகப் பயணத்தில் அன்றைக்கு நானூற்றுப் பன்னிரண்டாம் நாள். காலையில் கப்பல் நங்கூரம் போட்ட இடத்தைப் பார்த்ததும் சுகந்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிட்னி, சிலி, கிரீஸ் என்று பதின்மூன்று மாதம் தண்ணீரிலேயே கிடந்துவிட்டுக் கடைசியில் வந்து நின்றது சங்குமுனை கடற்கரை ரிசார்ட். தூத்துக்குடிக்குத் தெற்கே. அவள் வாழ்க்கைப்பட்டுக் கப்பல் ஏறும் வரை குடியிருந்த கோவில்பட்டியிலிருந்து பஸ்ஸில் இரண்டு மணி நேரம்.

"இதுக்குப் புளிசாதம் கட்டிக்கிட்டு பஸ்லயே வந்துருக்கலாம்" என்றார் அவள் கணவர் பிரேம்ஆனந்த்.

சொல்வதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மனிதரால் பஸ் ஏற முடியாது. எழுபத்தாறு வயது, இரண்டு முழங்காலும் போயாயிற்று, சர்க்கரை, பிரஷர், போதாததற்குக் கோபம். கப்பலில் இருந்த தொள்ளாயிரம் பேரில் முக்கால்வாசிப் பேர் இந்த லட்சணம்தான். கரையில் எவராவது வழுக்கி விழுந்தால் இன்ஷூரன்ஸ்காரன் கையை விரித்துவிடுவான். அதனால் கப்பல் கம்பெனி 'கரைத் துணைவர்' என்று ஒரு ஏற்பாடு வைத்திருந்தது. மற்ற ஊர்களில் பிரேம்ஆனந்த் அதைத் தொடவில்லை. வெளிநாட்டு உடம்பு நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டார். ஒரு நாள் வாடகைக்கு எடுக்கிற உடம்பு என்ன குலம் என்ன கோத்திரம் என்று வெளிப்படையாகக் கேட்கவும் முடியவில்லை, கேட்காமல் இருக்கவும் முடியவில்லை. சொந்த ஜில்லா என்றதும் துணிந்து கையெழுத்துப் போட்டார்.

கப்பலின் உபசரிப்பு அதிகாரி ஹர்ஷிதா, முகத்தில் போட்ட சிரிப்பைக் கழற்றாமல் விளக்கினாள். "சார் உடம்பு இங்கேயே சாய்வு நாற்காலியில நிம்மதியா இருக்கும். தலையில இந்தத் தொப்பி மட்டும். பார்க்கறது, பேசறது, நடக்கறது, சாப்பிடறது எல்லாம் கரையில இருக்கற துணைவர் வழியா. சாயங்காலம் ஆறு மணிக்கு சார் அவரை விட்டு இறங்கிடுவார்."

"அவன் ஊரெல்லாம் போய்ச் சொல்லிக்கிட்டுத் திரிவானே, இன்னார் வந்தாரு, இன்னது தின்னாருன்னு" என்றார் பிரேம்ஆனந்த்.

"சொல்ல முடியாது சார். ஆறு மணிக்கு அவர் தலையிலேருந்து இன்னிக்கு நடந்ததைச் சுத்தமா எடுத்துடுவோம். அது உங்க சொத்து. நடுவுல நீங்க கண் அசந்தாக்கூட அவர் உங்க மாதிரியே சமாளிச்சுக்குவார். அந்த நேரத்தையும் ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள உங்க நினைவுல கொண்டுவந்து சேர்த்துடுவோம். ஒரு நிமிஷம் வீணாகாது."

"நான் எதுக்குத் தூங்கப்போறேன்" என்றார், முப்பத்தெட்டு வருஷ அரசாங்க உத்தியோகத்தில் மதியம் இரண்டு மணிக்கு மேல் ஒரு கோப்பையும் பார்த்திராத அந்த மனிதர்.

சுகந்திக்கு முழங்கால் நன்றாக இருந்தது. அவள் தன் சொந்தக் காலிலேயே படகு ஏறிக் கரைக்குப் போனாள்.

இறங்குதுறையில் ஆறடி உயரத்தில், கருத்த, தோள் அகன்ற ஒருவன் நின்றான். முப்பத்தைந்து வயதிருக்கும். காதுக்குப் பின்னால் பச்சை விளக்கு ஒன்று மினுங்கியது. அவளைப் பார்த்ததும் இடுப்பில் கை வைத்து, "ஏய் சுகந்தி, எப்படி இருக்கேன்?" என்றான்.

குரல்தான் வேறு. அந்த 'ஏய்' நாற்பத்தாறு வருஷமாக அவள் கேட்ட அதே 'ஏய்'. சுகந்தி கைப்பையை இடது தோளுக்கு மாற்றிக்கொண்டு, "நல்லாத்தான் இருக்கீங்க" என்றாள்.

சங்குமுனையில் எல்லாம் அசல் மீனவ கிராமம் போலவே செய்து வைத்திருந்தார்கள். படகுகள் இருந்தன, அவை கடலுக்குப் போவதில்லை. வலைகள் காய்ந்தன, வாரம் ஒருமுறை அவற்றுக்கு ஷாம்பூ போட்டார்கள். கருவாட்டு வாசனை வேண்டுமென்பவர்களுக்குப் பதினோரு மணியிலிருந்து பதினொன்றரை வரை தனிக் குடிசையில் ஏற்பாடு இருந்தது. கூட்டம் வந்து மூக்கைப் பொத்திக்கொண்டு ரசித்துவிட்டுப் போனது.

பிரேம்ஆனந்த் புது உடம்பில் ஓடினார். மணலில் குட்டிக்கரணம் அடித்தார். கண்ணாடி கண்ட இடமெல்லாம் நின்று சட்டையைத் தூக்கி வயிற்றைப் பார்த்துக்கொண்டார். ஓட்டலில் உட்கார்ந்து பதினோரு பரோட்டாவும் அதற்குமேல் இரண்டு தட்டு அல்வாவும் சாப்பிட்டார்.

"போதுங்க, சுகர் ஏறிடும்" என்றாள் சுகந்தி பழக்கதோஷத்தில்.

"ஏறினா அவனுக்குத்தானே ஏறும்" என்று மூன்றாவது தட்டு அல்வாவுக்குக் கை காட்டினார்.

பிறகு பெரிய குடை ஒன்றின் கீழே போய் உட்கார்ந்தார். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து வாட்டசாட்டமான வாலிபர்கள், எல்லாருக்கும் காதோரம் பச்சை விளக்கு, வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சினிமாவில் வரும் கதாநாயகர்கள் மாதிரி இருந்தார்கள். பேசியதெல்லாம் பென்ஷன் நிலுவை, மூலம், மலச்சிக்கல், மருமகள். ஒரு கட்டழகன் தன் தொடையைத் தட்டி, "காலையில போகவே இல்ல சார், மூணு நாளாச்சு" என்றான். இளமை திரும்பி வந்தால் மனிதர்கள் என்ன செய்வார்கள் என்று சுகந்தி பல தடவை யோசித்ததுண்டு. இதைத்தான் செய்வார்கள் என்று அன்றைக்குத் தெரிந்துகொண்டாள். அவளை யாரும் உட்காரச் சொல்லவில்லை. அரை மணி நேரம் நின்றே இருந்தாள்.

மணி ஒன்று ஐம்பது இருக்கும். பக்கத்தில் பிரேம்ஆனந்தாக உட்கார்ந்திருந்த ஆள் எழுந்தான். அவள் தோளிலிருந்த பையை மெதுவாக வாங்கிக்கொண்டான். "வெயில் ஏறுது. நிழலுக்கு வாங்க. நீங்க ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்றான்.

சுகந்தி நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். பையை வாங்கினது ஒன்று. 'வாங்க' என்றது இரண்டு. நாற்பத்தாறு வருஷத்தில் பிரேம்ஆனந்த் அவளை அந்தக் கடைசிக் கேள்வி கேட்டதே கிடையாது.

"நீங்க அவரு இல்ல" என்றாள்.

அவன் சுற்றும்முற்றும் பார்த்தான். குரலைத் தாழ்த்தினான். "மெதுவாம்மா. உள்ள ஐயா தூங்குதாவ. குறட்டை கேக்கு."

"அப்படின்னா நீங்க அவர மாதிரி நடிக்கணும்னுல்ல சொன்னாங்க."

"நடிக்கணும்தான். காலையில ஒரு தாள் கொடுத்தாவ, ஐயாவைப் பத்தி. 'மனைவியை ஏய் என்று அழைப்பார், மனைவியிடம் கேள்வி கேட்பதில்லை'ன்னு அதுல போட்டிருக்கு. நீங்க நிக்கதைப் பார்த்தேன், மறந்து கேட்டுட்டேன்."

சுகந்திக்குச் சுருக்கென்றது. தன் முழுக் குடும்ப வாழ்க்கையையும் யாரோ ஒரு குமாஸ்தா ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டான், அதில் ஒரு பிழையும் கிடையாது.

அவன் பெயர் கில்பர்ட். அந்த ஊர்க்காரன்தான். தென்னை ஓலைப் பந்தலுக்குக் கீழே அவளை உட்கார வைத்து, இரண்டு நுங்கு வாங்கித் தோண்டிக் கொடுத்தான். அவள் தின்னும்வரை பொறுத்திருந்தான். பொறுமையில்லாமல் பொறுத்திருக்கிறான் என்று அவன் கால் ஆடியதில் தெரிந்தது.

"என்ன தம்பி, சொல்லுங்க" என்றாள்.

"ஒரு உதவி வேணும்மா. அந்தக் கடைசியில பிள்ளைக நீச்சல் நடக்கு. எம் மவ லொரேட்டா இன்னைக்கு மொத மொதல்ல மிதவை வரைக்கும் நீந்தப்போறா. ஏழு வயசு. ரெண்டரை மணிக்கு. ஆள் ஏறியிருக்கப்போ நானா ஒரு இடத்துக்கும் போவ முடியாது. கூட வந்தவங்க 'அங்க போவோம்'னு வாய்விட்டுச் சொன்னா போவலாம்."

ஆள் ஏறுவது. ஊரில் அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். சாமி ஏறுவது மாதிரி. 'எங்க வீட்டுக்காரருக்கு இன்னைக்கு ஆள் ஏறியிருக்கு, ஆறு மணிக்குத்தான் இறங்கும்' என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொள்வார்களாம்.

"நாம இப்போ பேசறது அவருக்குத் தெரியாதா?"

"வெட்டி ஒட்டித்தாம்மா அனுப்புவாவ. வேலைக்காரன் பேச்சையெல்லாம் எடுத்துட்டு நல்லதை மட்டும் விடுவாவ. பொஞ்சாதிமாருக்கு எப்படியும் தெரிஞ்சுதான் போவுது. கம்பெனிக்கு அது பழக்கம்."

"இந்த வேலையை விட்டுத் தொலைச்சா என்ன?"

"படகு விடக் கூடாதுன்னுட்டாவளே. கப்பல்லேருந்து பார்க்க அசிங்கமா இருக்காம். இப்போ வீட்டுக்கு ஒருத்தர் ஏத்திக்கிடுதோம்." கில்பர்ட் கடலைப் பார்த்தான். "அதுகூடப் பரவாயில்லம்மா. வயிறு கெட்டுப்போவும், முதுகு வலிக்கும், அதெல்லாம் தாங்கிக்கிடலாம். ஆனா எம் மவ மொதல்ல நடந்தது ஒரு டென்மார்க்காரர்கிட்ட இருக்கு. மொதப் பல்லு விழுந்தது, ஆம்பள உடம்பு எப்படி இருக்கும்னு பார்க்க வந்த ஒரு மும்பை அம்மாகிட்ட இருக்கு. சர்ச்சுல புதுநன்மை வாங்கினது யார்கிட்ட இருக்குன்னே தெரியல. எல்லாத்துலயும் நான் பக்கத்துல நின்னிருக்கேன். என் வீட்டுக்காரி சொல்லுதா. எனக்கு ஒண்ணுகூட ஞாபகம் கிடையாது."

"அந்த நாள்ல லீவு கேக்கறது."

"கேப்பேன். அன்னைக்கின்னு பார்த்து எம் பேரைச் சொல்லியே ஆள் கேட்டு வரும். என் ராசி அப்படி."

இன்னும் நாலு மணி நேரத்தில் இதுவும் அவன் தலையிலிருந்து போய்விடும். இருந்தும் பார்க்கத் துடிக்கிறான். சுகந்திக்கும் ஒரு மகள் இருக்கிறாள், நிவேதிதா, டொரான்டோவில், நாற்பத்துமூன்று வயது. அவள் பள்ளிக்கூட நாடகத்துக்கோ பட்டமளிப்புக்கோ பிரேம்ஆனந்த் போனதில்லை. நிவேதிதாவுக்குத் தண்ணீர் என்றாலே பயம், நீச்சல் தெரியாது. கற்றுக்கொடுக்க அழைத்துப் போங்கள் என்று அவரிடம் சுகந்தி ஒரு கோடை லீவு முழுக்கக் கெஞ்சிப் பார்த்து விட்டுவிட்டாள்.

"தம்பி, ஆறு மணிக்கு அழிச்சதுக்கு அப்புறம் நான் உங்ககிட்ட சொல்றேன். நேர்ல பார்த்த நான் சொன்னா உங்களுக்கு இருக்கும்ல?"

அவன் அவளை ஏறிட்டுப் பார்த்தான். "சொல்லுவீங்களா?"

"சத்தியமா சொல்றேன்." எழுந்து நின்று, பக்கத்திலிருந்த காவலாளிக்குக் கேட்கும்படி, "என்னங்க, அந்தக் கடைசிக்குப் போவோமா, பிள்ளைங்க ஆடுறதைப் பார்க்கணும்" என்றாள்.

ரிசார்ட் நடத்துகிற பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். கரையிலிருந்து நூறு அடி தூரத்தில் சிவப்பு மிதவை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. கில்பர்ட் தண்ணீர் விளிம்பு வரை போய் முழங்கால் நனைய நின்றான். சுகந்தி பின்னால் நிழலில் உட்கார்ந்தாள். கண்புரை ஆபரேஷனைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்ததில் தூரத்துக் காட்சியெல்லாம் அவளுக்குப் புள்ளிதான். கறுப்பாக ஒரு தலை போவது தெரிந்தது. நடுவில் நின்றதோ நிற்கவில்லையோ. கில்பர்ட் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கியது தெரிந்தது. தலை மிதவையைத் தொட்டது, திரும்பி வந்தது. கூட்டம் கைதட்டியது. சுகந்தியும் தட்டினாள். கன்னம் நனைந்திருந்ததைத் துடைத்துக்கொண்டாள்.

குழந்தை கரையேறி, மூச்சு வாங்க, நேராக அவனிடம் ஓடி வந்தது. மூன்றடி தள்ளி நின்றது. காதுக்குப் பின்னால் பச்சை விளக்கைப் பார்த்தது. கைகூப்பி, "வணக்கம் சார். எங்க ஊருக்கு வந்ததுக்கு நன்றி சார்" என்றது.

கில்பர்ட்டின் கை அதன் ஈரத் தலையை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. "வெரி குட் பாப்பா" என்றான். அவ்வளவுதான் சொல்லலாம். குழந்தை சிரித்தது. அவனும் சிரித்தான். இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள், அதற்குமேல் செய்ய விதியில் இடமில்லாததால்.

பிறகு அவன் தோள் குலுங்கியது. தொண்டையைக் காறினான். "என்ன இது? கால்சட்டையெல்லாம் ஈரம். ஏய் சுகந்தி, யாரு இந்தப் பிள்ளை, மேல வந்து ஒட்டிக்கிட்டு நிக்குது?"

லொரேட்டா அந்த முகத்தை ஒரு நொடி பார்த்தாள். "சரி, அவுக முழிச்சிட்டாவ" என்று தனக்குள் சொன்ன மாதிரி சொல்லிவிட்டு, இரண்டடி பின்னால் நகர்ந்து, மற்ற பிள்ளைகளோடு போய் நின்றுகொண்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சுகந்திக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

மீதி மூன்று மணி நேரம் பிரேம்ஆனந்த் ஒட்டகத்தில் ஏறினார், தண்ணீர் ஸ்கூட்டரில் ஏறினார், ஒட்டகம் நாறுகிறது என்று புகார் எழுதிக் கொடுத்தார்.

ஆறு மணிக்குத் துணைவர்கள் எல்லாரும் வரிசையாக வெள்ளைக் கட்டடம் ஒன்றுக்குள் போனார்கள். 'கழுவுற வீடு' என்று ஊரில் அதற்குப் பெயர். கப்பலுக்குப் போகிற கடைசிப் படகு ஆறரைக்கு. சுகந்தி படகுத் துறைக்குப் போகாமல் கழுவுற வீட்டின் பின்பக்கக் கம்பி வேலி ஓரமாகப் போய் நின்றாள். எழுபது வயதில் ஒரு ஆம்பிளைக்காக வேலியோரம் காத்து நிற்கிறேனே என்று நினைத்துக்கொண்டாள்.

ஒவ்வொருவராக வெளியே வந்தார்கள். தூங்கி எழுந்தவர்கள் மாதிரி முகத்தைத் தேய்த்துக்கொண்டு, கைகால்களில் எங்கே காயம் என்று தடவிப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். "எனக்கு வந்தவன் முட்டியை உடைச்சிருக்கான்ல" என்றான் ஒருவன். கில்பர்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

"தம்பி, கில்பர்ட்."

அவன் திரும்பினான். அவளை அவனுக்குத் தெரியவில்லை. "வணக்கம்மா. உங்க நாள் நல்லா அமைஞ்சுதா?" என்றான். எல்லாப் பயணியிடமும் சொல்லச் சொல்லிக் கொடுத்த வாசகம்.

"உங்க மவ நீந்திட்டா. மிதவை வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்தா. நீங்க பார்த்தீங்க. உங்ககிட்ட சொல்றேன்னு சத்தியம் பண்ணிருக்கேன்."

கில்பர்ட் வேலியைப் பிடித்துக்கொண்டான். முகத்தில் மெதுவாக ஒரு வெளிச்சம் வந்தது. கூடவே, அடுத்தவன் வீட்டு விசேஷத்தைக் கேட்கிற மாதிரி ஒரு கூச்சமும் வந்தது. "நான் எங்க நின்னேன்?"

"தண்ணிக்குள்ள, முழங்கால் நனைய. ரெண்டு கையையும் தூக்கினீங்க."

"எதுக்குத் தூக்கினேன்?"

சுகந்தி கண்ணைச் சுருக்கி, மிதவை இருந்த பக்கம் பார்த்தாள்.

"அவ பாதியில திரும்பிப் பார்த்தாளாம்மா? பயந்தா என்னைத் திரும்பிப் பார்ப்பா. வாயால சொல்ல மாட்டா, கேட்டா பயமே இல்லன்னுதான் சொல்லுவா. திரும்பிப் பார்த்தாளா?"

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியல தம்பி. தலை மட்டும்தான் தெரிஞ்சுது."

படகுக்காரன் விசில் ஊதினான். கில்பர்ட் தலையை ஆட்டிக்கொண்டான். "பரவாயில்லம்மா. இவ்வளவு சொன்னதே பெரிசு. எல்லாரும் சொல்லுதேம்பாவளாம், படகு வந்ததும் ஓடிருவாவளாம்." சிரித்தான். அந்தச் சிரிப்பை வைத்துக்கொண்டு சுகந்தி படகில் உட்கார முடியாமல் உட்கார்ந்து வந்தாள்.

ராத்திரிச் சாப்பாட்டு மேசையில் பிரேம்ஆனந்த் தயிர்சாதத்தைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. அவர் கண் கலங்கி அவள் பார்த்தது அவருடைய பதவி உயர்வு ஒருமுறை தள்ளிப் போனபோதுதான்.

"என்னங்க?"

"நிவி நீந்தினா பாரு" என்றார். "சின்ன உடம்பு. பாதித் தூரம் போய் அப்படியே நின்னுட்டா. திரும்பி என்னைப் பார்த்தா. அவ்வளவு பெரிய கடல்ல என்னை மட்டும்தான் பார்த்தா. நான் ரெண்டு கையையும் தூக்கி, நான் இங்கதான் நிக்கறேன்னு காட்டினேன். உடனே போயிட்டா. எனக்கு நெஞ்சே வெடிச்சுடும் போல இருந்துச்சு சுகந்தி. இப்படி ஒண்ணு நம்ம வாழ்க்கையில நடந்துச்சே, எப்படி இத்தனை நாள் மறந்து கெடந்தேன்?"

கில்பர்ட் கேட்ட கேள்விக்குப் பதில் தயிர்சாதத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தது.

"அது நிவி இல்லங்க. அந்த ஆளோட பொண்ணு. நீங்க அப்போ தூங்கிட்டிருந்தீங்க."

"பைத்தியமா உனக்கு? என் பொண்ணு எனக்குத் தெரியாதா?"

அவள் ஹர்ஷிதாவைக் கூப்பிட்டாள். "அந்தத் துணைவருக்கு ஒரு தகவல் சொல்லணும். 'திரும்பிப் பார்த்தா' அப்படின்னு மட்டும். ரெண்டே வார்த்தை."

"மன்னிக்கணும் மேடம். இன்னிக்கு நடந்தது சாரோட சொத்து. சார் எழுதிக் கொடுத்தா அனுப்பலாம்."

சுகந்தி அவர் பக்கம் திரும்பினாள். வாழ்க்கையில் அவரிடம் அவள் கெஞ்சிய கடைசித் தடவை அதுதான். "எழுதிக் கொடுங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

"என் பொண்ணு நீந்தினதை ஊரான் ஒருத்தனுக்கு நான் எதுக்கு எழுதிக் கொடுக்கணும்?" என்றார் பிரேம்ஆனந்த். உண்மையாகவே அவருக்குப் புரியவில்லை.

ஹர்ஷிதா கருத்துப் படிவத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். வழவழப்பான தாளில் வண்ணத்தில் அச்சடித்திருந்தது. கடற்கரை ஓட்டம், பரோட்டா விருந்து, ஒட்டகச் சவாரி. நடுவில் தங்க நிற எழுத்தில்: 'பிற்பகல் 2.30. மகளின் முதல் நீச்சல். உங்கள் மனநிறைவைக் குறிக்கவும்.' பக்கத்தில் ஐந்து நட்சத்திரம்.

சுகந்தி அதை மூன்று தடவை படித்தாள். எழுந்து போய் ஹர்ஷிதாவை வழியில் பிடித்தாள். "இதை எப்போ அச்சடிச்சீங்க?"

"போன வாரமே மேடம். சாருக்கு ஒரு பொண்ணுன்னு விண்ணப்பத்துல இருந்துது, அதனால பொண்ணு உள்ள துணைவராப் பார்த்து எடுத்தோம். பள்ளிக்கூடம் நம்மளோடதுதான், தேதியைக் கப்பலுக்குத் தகுந்த மாதிரி வைப்பாங்க."

"இவர் அந்த நேரம் தூங்காம இருந்திருந்தா?"

"தூங்குவார்னு குறிப்புல இருந்துதே மேடம். வாடிக்கையாளர் முழிச்சிருந்தா அந்தச் சந்தோஷம் கலங்கலாத்தான் வரும். அவங்க நினைப்பும் சேர்ந்துடும்ல. தூங்கறப்போ எடுத்தாத்தான் சுத்தமா வரும். எங்ககிட்ட ரொம்ப விரும்பிக் கேக்கறது இதைத்தான்." ஹர்ஷிதா தலையைச் சாய்த்து, "உங்களுக்கும் அடுத்த ஊர்ல ஒண்ணு போடட்டுமா மேடம்?" என்றாள்.

சுகந்தி திரும்ப மேசைக்கு வந்தாள். இன்றைக்கு இந்த மனிதரை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டாள். அவர் நட்சத்திரம் ஐந்தையும் கறுப்படித்து முடித்திருந்தார். போனைக் காதில் வைத்திருந்தார்.

அவராக நிவேதிதாவைக் கூப்பிட்டதாக அவளுக்கு ஞாபகமே இல்லை. எப்போதும் சுகந்தி பேசி, கடைசியில் போனை அவரிடம் நீட்டுவாள், அவர் 'ம், வெச்சுடு' என்பார்.

"நிவிம்மா, அப்பா பேசறேன். ஒண்ணுமில்ல, எல்லாம் நல்லாத்தான் இருக்கோம். உன்னை ஒண்ணு கேக்கணும்." போனைப் பழக்கமில்லாமல் ஸ்பீக்கரில் போட்டுவிட்டிருந்தார். "ஏழு வயசுல கடல்ல நீந்தினியே. அப்பா கரையில நின்னேனே. ஞாபகம் இருக்கா?"

சுகந்தி குனிந்து, 'நிவி, அது வேற யாரோ' என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

"பாதியில நின்னு என்னைத் திரும்பிப் பார்த்தியேம்மா" என்றார் பிரேம்ஆனந்த். "பயந்துட்டியா?"

டொரான்டோவில் ஏதோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நாற்காலி இழுபட்டது. யாரோ உட்கார்ந்தார்கள்.

"ஆமாப்பா, பயந்துட்டேன்" என்றாள் நிவேதிதா. "நீங்க நிக்கிறீங்களான்னு பார்த்தேன்."